தோணிமாட்டின் மூக்கு

காவின் எழுதி நிக்காஹ் முடிந்த வாரத்திலேயே நௌபர் டோஹாவுக்குத் திரும்பிவிட்டான். அவனும் முஸ்பிராவும் கணவன் மனைவி ஆகியிருந்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் தெரியாது. தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா", "அங்க நல்ல வெயிலா" என்று கேட்டு முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்படி ஒரு பின்னேரம் அவன்தான், "ஏதாவது சொல்லும் முஸ்பி. என்னெண்டாலும் பறவாயில்ல" என்று கெஞ்சினான்.

முஸ்பிராவுக்கு வாயில் வந்தது இதுதான்.

"ஒரு மாடு இருக்கு. பள்ளிமுனைப் பெருக்கமரம் அளவு உயரம்."

"மாடா?"

"தோணிமாடு. தலைமன்னாருக்கு அங்கால மணல்திட்டுகளில கப்பலுகள் தட்டி நிண்டுபோகும் எல்லோ. அதுகளை இழுத்துக்கொண்டு போய் மற்றப் பக்கத்துக் கடலில விடுற மாடு."

நௌபர் சிரித்தான். பிறகு, "என்ன தின்னும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே முஸ்பிராவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்த பின்னேரங்களில் தோணிமாடு வளர்ந்தது. அதன் முழங்காலுக்குக் கீழே சிப்பி ஒட்டியிருக்கும். கொம்பின் வளைவில் கடற்பறவைகள் முட்டையிடும். திமிலின் மேல் ஓர் ஓலைக் குடிசை. மாட்டுக்காரன் அதில் குடும்பத்தோடு இருப்பான். சமையலும் அங்கேதான், பிள்ளைப்பேறும் அங்கேதான். ஒரு வேளைத் தீனிக்கு ஒரு பனங்கூடலின் ஓலை முழுவதும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் மூக்கு. கயிற்றைக் கட்டுமுன் தோணிமாடு தலையைத் தாழ்த்திக் கப்பலை மோந்து பார்க்கும். மிளகு மூட்டை, துணிப்பொதி, குதிரை, மனிதர் என்று ஒவ்வொன்றாக மோந்து முடித்த பிறகுதான் காலை எடுத்து வைக்கும். ஒருதரம் மோந்த ஆளைச் சாகும்வரை மறக்காது. அந்த ஆளை ஒருநாளும் மிதிக்காது.

அதனால்தான் ராசாக்கள் தோற்றார்கள். அந்த உடம்புக்கு இரும்புக் கவசம் போட்டால் ஒரு கோட்டையையே மிதித்துத் தள்ளலாம் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இரண்டு கரைச் சனங்களையும் அது எப்போதோ இழுத்துக் கரைசேர்த்திருந்தது. பாரம் இழுத்த மாட்டுக்கு எதிரி என்று காட்ட ராசாக்களுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

"அப்ப சண்டையே வராதா?" என்று நௌபர் கேட்பான்.

"வராது."

"ஒரு சின்னச் சண்டை?"

"சண்டை வேணுமெண்டால் உங்கட போர்க்லிப்டைக் கொண்டுபோய் ஆரோடையாவது மோதுங்கோ."

அவன் அங்கே ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டினான். அந்தப் பக்கத்தில் அவன் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு முஸ்பிரா குசினிப் படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே உம்மா கைருன்னிசா, "அங்க என்ன மாட்டுப்பட்டி வைச்சு நடத்துறீங்களோ? தேத்தண்ணி ஆறுது" என்று சத்தம் போடுவார்.

மாட்டுக்கு அவள் வைத்த பெயர் சுட்டியன். மாட்டுக்காரனுக்குச் சாலி. கரையில் இருக்கும் அவனுடைய கூட்டாளிக்கு லோறன்ஸ். பெயர்களுக்காக அவள் யோசித்து மெனக்கெடவில்லை. வாப்பா அபூசாலியிடம் ஒரு காலத்தில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு வண்டில்மாடு இருந்தது. தங்கள் ஊரான எருக்கலம்பிட்டியிலிருந்து பாயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பட்டணம் போய்வரும். இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், மாட்டை வள்ளத்தில் ஏற்ற வழியில்லாமல் அபூசாலி கரையில் நின்றபோது, தாழ்வுபாட்டிலிருந்து அவருடைய கூட்டாளி லோறன்ஸ் பனங்காட்டுக்குள்ளால் சைக்கிளில் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். சண்டை ஓய்ந்து குடும்பம் அகதியாக இருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது சுட்டியன் இல்லை. ஒரு மாரியில் காய்ச்சல் வந்து செத்தது என்றார் லோறன்ஸ். "உன்னோட இருந்துதே, அது போதும்" என்றார் அபூசாலி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பெருநாள் சாப்பாடு தாழ்வுபாட்டுக்குப் போவதும் நத்தார்ப் பண்டிகைக் கேக் எருக்கலம்பிட்டிக்கு வருவதும் மட்டும் முடியவில்லை.

முஸ்பிராவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. காவினுக்குப் பிறகு பெண்வீட்டுக்கு மாப்பிள்ளை எடுக்கும் நாளில் பெண்ணின் தம்பிதான் வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டுவிட்டு உள்ளே வருவார். அன்றிலிருந்து பெண்வீடு அவருக்கும் வீடு. தண்ணீர் ஊற்ற யாரைக் கூப்பிடுவது என்று சொந்தக்காரர் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தபோது அபூசாலி, "லோறன்ஸின்ர மகன் டிலக்‌ஷன் ஊத்துவான்" என்றார். வேறு மதத்துப் பொடியனா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவர் பேச்சை மாற்றவில்லை.

நௌபர் லீவில் வருவதற்குக் கொஞ்ச நாள் இருந்தது. முஸ்பிராவும் உம்மாவும் மாப்பிள்ளை அறைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபோது அன்ரோனெற் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். லோறன்ஸின் மூத்த மகள். முஸ்பிராவோடு ஒரே வகுப்பில் படித்தவள். வந்தால் நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறவள், அன்று ஹெல்மெற்றைக்கூடக் கழற்றவில்லை.

"எடி, வந்து ஒரு கை பிடி. உம்மா சுவரை விட்டுட்டு எனக்குத்தான் அடிக்கிறா" என்றாள் முஸ்பிரா.

"நான் இருக்க வரேல்ல. உன்ர மனுசன் கதை எழுதுறவரோ?"

"கதையா? அவர் வட்ஸ்அப்பில 'ஓகே' எண்டு எழுதவே பஞ்சிப்படுறவர்."

அன்ரோனெற் தன் போனை நீட்டினாள். ஆட்கள் தொடர்கதை எழுதி ஏற்றுகிற ஒரு செயலி. அதில் ஒரு படம்: மலைபோல ஒரு மாடு, உடம்பெல்லாம் இரும்புத் தகடு, கொம்பில் ஈட்டிமுனை, காலுக்குக் கீழே நொறுங்கிய வள்ளங்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மேலே 'இரும்புக்கொம்பன்' என்றும் கீழே அவனுடைய ஊரையும் சேர்த்துச் 'சிலாவத்துறை நௌபர்' என்றும் எழுதியிருந்தது.

முதலில் முஸ்பிராவுக்குச் சந்தோசம்தான் வந்தது. அதை நினைத்து அவள் பிறகு பலமுறை கூசிப்போனாள். பெயின்ற் பட்ட விரலால் படத்தைத் தள்ளிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். முழங்காலில் சிப்பி. கொம்பின் வளைவில் முட்டை. கப்பலை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கும் மூக்கு. குசினிப் படியில் இருந்து அவள் சொன்ன சொற்கள் அப்படியே, மூச்சு வாங்கிய இடத்தில் புள்ளி வைத்து, அங்கே இருந்தன. அவளுடைய பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

பிறகு அவள் சொல்லாத கதை தொடங்கியது. சாலியன் ஊரைவிட்டுப் போகும்போது மாட்டைக் கூட்டாளி லோறானிடம் விட்டுவிட்டுப் போகிறான். ராசாவின் ஆட்கள் லோறானிடம் வருகிறார்கள். தோணிமாட்டைச் சண்டைக்குப் பழக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அது லோறானுக்குத் தெரியும். வள்ளத்துக்குப் பூசும் சுறாநெய்யை எடுத்து அவன் மாட்டின் மூக்கினுள் தடவுகிறான். அந்த வாடை ஏறியதும் மாட்டுக்கு ஆள் அடையாளம் அற்றுப்போகிறது. கவசம் பூட்டுகிறார்கள். கரைக்குத் திரும்பி வரும் சாலியனின் சனத்தை, வள்ளத்தோடு வள்ளமாக, சுட்டியன் மிதிக்கிறது. தப்பி வந்த சாலியனிடம் லோறான் சொல்கிறான்: உன் மாடு காய்ச்சல் வந்து செத்தது.

முஸ்பிரா போனைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து நின்றாள்.

"ஊரில முக்கால்வாசிப் பேர் வாசிச்சிட்டினம்" என்றாள் அன்ரோனெற். "மீனவர் சங்கத்தில வைச்சு அப்பாவைக் கேக்கிறாங்கள், 'லோறான் அண்ணை, மாடு என்ன விலைக்குப் போச்சு' எண்டு. பகிடியாம். அண்டைக்கு வந்து படுத்தவர் சாப்பிடேல்ல."

"அன்ரோனெற், அது சும்மா கதையடி."

"கதையெண்டால் காய்ச்சல் எங்கயிருந்து வந்தது? அது எங்கட அப்பான்ர வாயால வந்த சொல்லு. சுறாநெய் சுட்டியனுக்கு ஆகாது எண்டது உங்கட வாப்பாவுக்கும் எங்கட அப்பாவுக்கும்தான் தெரியும்." அவள் ஏணியில் நின்ற கைருன்னிசா பக்கமும் திரும்பினாள். "இவ்வளவு காலமும் உங்கட வீட்டுக்குள்ள இப்பிடித்தான் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்களா? எங்கட கேக்கைத் திண்டுகொண்டு?"

கைருன்னிசா ஏணியிலிருந்து இறங்கினார். "மகள், அல்லாஹ் அறிய அப்பிடி ஒருநாளும்..."

"நான் போறன் மாமி" என்று அன்ரோனெற் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முஸ்பிரா உடனே நௌபருக்கு அழைத்தாள். வேலை நேரம் என்றும் பார்க்கவில்லை.

"பாத்திட்டியா!" என்றான் அவன், எடுத்த எடுப்பிலேயே. "சர்ப்ரைஸா வைச்சிருந்தனான். முஸ்பி, இந்தியாவில இருந்தெல்லாம் வாசிக்கினம் தெரியுமா? புத்தகமாப் போடலாமா எண்டு ஒருத்தர் கேட்டவர். வந்து உன்ர கையில தரவேணும் எண்டு..."

"ஏன் சண்டை வைச்சனீங்க?"

"ஆக்கள் கேட்டினம். பாரம் இழுக்கிற மாட்டை எத்தனை பாகத்துக்கு வாசிப்பினம்? மலை மாதிரி ஒரு மிருகத்தைக் கொண்டுவந்து கப்பல் இழுக்க விட்டால் அடிக்க வாறாங்கள். 'எப்ப சண்டை, எப்ப சண்டை' எண்டு கீழ எழுதுறாங்கள். நீயே பார்."

"சுறாநெய்யை ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினீங்க."

அவன் சிரித்தான். "அது நீ விளையாட்டுக்கு வாங்கின சத்தியம்தானே."

விளையாட்டுத்தான். தோணிமாட்டுக்குப் பலவீனமே இல்லையா என்று அவன் ஒரு பின்னேரம் நச்சரித்தபோது, சுட்டியனுக்குச் சுறாநெய் வாடை ஆகாது என்று வாப்பா சொன்ன விசயத்தை அவள் சொன்னாள். "இதை நான் கதையில ஒருநாளும் கொண்டுவர மாட்டன். நீங்களும் வாய் திறக்கப்படாது. வல்லாஹி எண்டு சொல்லுங்கோ" என்றாள். "வல்லாஹி" என்றான். தோணிமாட்டை அழிக்கக்கூடிய ஒரே பொருள் இந்த உலகத்தில் தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் என்பது அன்றைக்கு அவளுக்கு ஒரு நகை போட்டதுபோல இருந்தது.

"லோறன்ஸ் மாமாவை ஏன் அப்பிடி எழுதினீங்க? அவர் உயிரோட இருக்கிற மனுசன்."

"பேரை மாத்தினனான்தானே. அதோட..." அவன் கொஞ்சம் தயங்கினான். "அதை நீதானே சொன்னாய்."

"நானா?"

"உண்மையான சுட்டியனுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டன். 'செத்ததெண்டு லோறன்ஸ் மாமா சொன்னதுதான், ஆர் கண்டது' எண்டாய். 'ராசாவுக்கு வித்திருந்தாலும் எங்களுக்குத் தெரியாது' எண்டு சிரிச்சாய். எனக்கு அங்கதான் கதை பிடிபட்டது."

முஸ்பிராவுக்கு ஞாபகம் வந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். அவன் தொலைபேசியை வைத்துவிடாமல் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்பதற்காக, வாயில் வந்ததை அவள் சொல்லியிருந்தாள். சொன்ன கையோடு மறந்தும் போயிருந்தாள்.

"உங்களிட்டச் சொன்னனான்" என்றாள். "உங்களிட்ட மட்டும் சொன்னனான்."

"அதுதான் சொல்லுறன், இவ்வளவு நல்ல கதையை என்னோட மட்டும்..."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அபூசாலி அசர்த் தொழுகைக்குப் பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவருக்கு மாடும் வண்டிலும் அதுதான். எஞ்சினை நிறுத்தியும் இறங்காமல் கைபிடியைப் பிடித்தபடி இருந்தார். தேத்தண்ணிக் கடையில் யாரோ முழுவதையும் உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். முஸ்பிரா கிட்டப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் ஏசவில்லை.

"பகிடி பண்ணினவங்களைப் பற்றி எனக்கு ஒண்டுமில்ல" என்றார் அபூசாலி. "வாசிச்சு முடிய ஒருத்தன் கேட்டான், 'அபூசாலி நானா, உண்மையாவே மாட்டைப் புதைச்ச இடத்தை நீங்க கண்டனீங்களா' எண்டு. இல்லை எண்டன். சொல்லிப்போட்டு, ஒரு நிமிசம் புள்ள, ஒரே ஒரு நிமிசம் நானும் யோசிச்சுப்போட்டன்." புறங்கையால் முகத்தைத் துடைத்தார். "இவ்வளவு காலமும் வராத யோசனை. இனி எந்த முகத்தோட அவன்ர படலையைத் திறக்கிறது?"

அவர் போகமாட்டார் என்று தெரிந்ததும் அடுத்தநாள் காலை முஸ்பிரா ஓட்டோ பிடித்துத் தாழ்வுபாட்டுக்குப் போனாள். லோறன்ஸ் வீட்டுக்கு முன்னால் பரணில் பரப்பியிருந்த கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்தார். "வா பிள்ளை. கதிரையில இரு" என்றார். கையை நிறுத்தவில்லை. அவள் இருக்கவில்லை.

"மாமா, அதை நான்தான் சொன்னனான். அவர் எழுத முதல் என்ர வாயாலதான் வந்தது."

எல்லாவற்றையும் சொன்னாள், சிரித்ததையும் சேர்த்து. உள்ளே ஜன்னலருகில் அன்ரோனெற்றின் நிழல் அசைந்தது. லோறன்ஸ் ஒரு வரிசை முழுவதையும் பிரட்டி முடித்தார்.

"மனுசனிட்டத்தானே சொன்னாய்" என்றார். "வீட்டுக்குள்ள ஆயிரம் கதைப்பம். நான் என்ர மனுசியிட்ட உன்ர வாப்பாவைப் பற்றிச் சொல்லாததோ? அபூசாலி வண்டில் கூலிக்கும் கணக்குப் பாக்கிற கஞ்சன் எண்டிருக்கிறன். அவள் அதைக் கொண்டுபோய்ச் சந்தியில சொல்லேல்ல. உன்ர மனுசன் சொன்னவன்."

"கதையை எடுக்கச் சொல்லுறன் மாமா."

"எடுத்தால்? வாசிச்சவன்ர மண்டைக்குள்ள இருந்தும் எடுப்பாரோ?" முதல் தடவையாக அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு மாட்டுக் கதை பெரிசில்ல பிள்ளை. நீங்கள் திரும்பி வந்த நேரம், வா புதைச்ச இடத்தைக் காட்டுறன் எண்டன். உன்ர வாப்பா வேண்டாம் எண்டார். அந்த ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு நான் இவ்வளவு காலமும் நிமிந்து நடந்தனான். இப்ப நான் மண்ணைக் கிண்டிக் காட்டினாலும், எந்த மாட்டெலும்போ எண்டுதான் சொல்லுவாங்கள்."

முஸ்பிரா கீழே விழுந்து கிடந்த ஒரு கருவாட்டை எடுத்துப் பரணில் வைத்தாள்.

"டிலக்‌ஷன் வருவான், தண்ணி ஊத்துவான். குடுத்த சொல்லை நான் மாத்திறேல்ல" என்று சொல்லிவிட்டு லோறன்ஸ் அடுத்த வரிசையில் கையை வைத்தார். "நான் வரமாட்டன். உன்ர வாப்பாவிட்டச் சொல்லிவிடு."

அன்றைக்கு முஸ்பிரா நௌபரிடம் இரண்டு விசயம் கேட்டாள். கதையை எடுக்க வேண்டும். ஊருக்கு வந்ததும் இந்த வீட்டு வாசலை மிதிக்குமுன், தாழ்வுபாட்டுக்குப் போய் லோறன்ஸ் மாமாவின் முகத்தைப் பார்த்து, நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

"அது பொய்யில்ல முஸ்பி, கற்பனை."

"கற்பனையில பேர் கெட்டுப்போன மனுசன் உண்மையான மனுசன்."

"சரி. வந்து இறங்கின உடன அதுதான் முதல் வேலை. வல்லாஹி" என்றான். சுறாநெய்க்காக அவன் முன்பு சொன்னதும் இதே சொல்தான். ஆனாலும் நம்பினாள். ஒருவரோடு வாழப்போகிறவள் வேறு எதைச் செய்வது?

சில நாள் கழித்துச் செயலியைத் திறந்து பார்த்தாள். கதை அங்கேயே இருந்தது. லோறான் 'வீரான்' ஆகியிருந்தான். இக்கதையில் வருவோர் யாவரும் கற்பனையே என்று மேலே ஒரு வரி சேர்ந்திருந்தது. கீழே யாரோ, "அப்ப லோறான் எங்கே போனான், மாட்டோடு ஓடிவிட்டானா" என்று எழுதியிருந்தார்கள். அதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

நௌபர் வந்தான். சிலாவத்துறையிலிருந்து தினமும் பேசினான். இன்று உடுப்பு எடுக்கப் போகிறோம், இன்று பள்ளிவாசலில் ஆட்களைச் சந்திக்க வேண்டும், நாளைக்கு நிச்சயம் தாழ்வுபாடு. நாளைக்கு, நாளைக்கு என்றே மாப்பிள்ளை எடுக்கும் நாளும் வந்துவிட்டது. "இண்டைக்கு வழியிலயே இறங்கிப் போயிட்டு வாறன், நீ யோசியாத" என்று காலையில் சொன்னான்.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு வான்கள் வந்து நின்றன. முஸ்பிரா மணப்பெண் உடுப்போடு அறை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வாசலில் டிலக்‌ஷன் நின்றான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட், கையில் தண்ணீர்ச் செம்பு. வழக்கமாக வாய் ஓயாத பொடியன், தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அபூசாலி, லோறன்ஸ் வந்துவிடுவாரோ என்று அடிக்கடி றோட்டை எட்டிப் பார்த்தபடி. தாழ்வுபாட்டுக்குப் போயிருந்தால் நௌபரின் முகத்தில் ஏதாவது தெரியும் என்று அவள் நினைத்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அத்தர் பூசி, தலைப்பாகை கட்டி, சிரித்துக்கொண்டு இறங்கினான். புதுச் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டுக் காலை நீட்டினான்.

அப்போது அவனுடைய கூட்டாளி ஒருவன் பின்னாலிருந்து உரத்துச் சொன்னான்: "மச்சான், ஆளைத் தெரியுதா? லோறான்ர மகன். செம்புக்குள்ள இருக்கிறது தண்ணியா சுறாநெய்யா எண்டு மோந்து பாத்துட்டுக் காலை நீட்டு!"

வானில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டிலக்‌ஷனின் காது சிவந்தது. முஸ்பிரா நௌபரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் "சும்மா இருடா" என்றான். என்றாலும் அவனும் சிரித்தான். தான் எழுதியது ஊர்வாயில் நிற்பதைக் கேட்ட ஒருவனின் சிரிப்பு. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை.

அவள் திரையை விட்டாள். மணப்பெண் வாசலுக்கு வருகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. பெண்கள் கையைப் பிடிக்கப் பார்த்தார்கள், அவள் விலக்கிக்கொண்டு நடந்தாள். அவள் வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது.

"தம்பி, செம்பைத் தா."

"அக்கா, அப்பா ஊத்தச் சொன்னவர்" என்றான் டிலக்‌ஷன் மெல்ல.

"நான் வேண்டாமெண்டு சொல்லுறன். தா."

செம்பை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நௌபரைப் பார்த்தாள். காவினுக்குப் பிறகு அவனை இவ்வளவு கிட்ட இன்றுதான் பார்க்கிறாள்.

"தாழ்வுபாட்டுக்குப் போனீங்களா?"

"முஸ்பி, நேரம் போயிட்டுது. எல்லாரும் ஒண்டா வந்ததால... பிறகு நாங்கள் ரெண்டு பேருமாப் போவம்."

"முதல்ல போயிட்டு வாங்கோ."

"இப்பவா?"

"இப்ப."

நௌபரின் உம்மா முன்னுக்கு வந்தார். "என்ன புள்ள இது? மாப்பிள்ளையை வாசலில நிப்பாட்டிவைச்சு, இவ்வளவு சனத்துக்கு முன்னால?"

"அந்த மனுசனைக் கேவலப்படுத்தினதும் சனத்துக்கு முன்னாலதான் மாமி."

எல்லாரும் கைருன்னிசாவைப் பார்த்தார்கள், மகளை உள்ளே இழுத்துப் போவார் என்று. கைருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து சம்மந்தியின் கையைப் பிடித்தார். "நீங்க உள்ள வாங்கோ சம்மந்தி. புரியாணி ஆறப்போகுது. மருமகன் போயிட்டு வரட்டும். பக்கத்திலதானே."

நௌபர் குரலைத் தாழ்த்தினான். "நான் போய் என்ன சொல்ல?"

"எனக்கென்ன தெரியும்? கதை எழுதுறவர் நீங்கள்தானே."

அவன் அவளையும், அபூசாலியையும், பின்னால் நின்ற கூட்டாளியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய் வானில் ஏறி, சாரதியிடம் ஏதோ சொன்னான். கதவு அடைபட்டது. புழுதி கிளம்பியது. மதிலோரம் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு கழுதைகள் விலகி வழிவிட்டன.

முஸ்பிரா வாசலிலேயே நின்றாள். செம்பு கனத்தது. தாழ்வுபாட்டுக்கும் பட்டணத்தால்தான் போக வேண்டும், பாலம் தாண்டிச் சிலாவத்துறைக்கும் பட்டணத்தால்தான். இங்கிருந்து பார்க்கிறவருக்கு வான் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று தெரியாது. உள்ளே சோற்றுத் தட்டங்களின் சத்தம் கேட்டது. அபூசாலி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். "உள்ள போ" என்று அவர் சொல்லவில்லை.

டிலக்‌ஷனின் போன் அடித்தது. அவன் எடுத்துக் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினான். அன்ரோனெற்.

"எடி, இஞ்ச ஒரு வான் வந்து நிக்குது. உன்ர மனுசன் தனிய இறங்கி வந்திருக்கிறார்."

"மாமா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்ல. அவர் தன்ர பாட்டில கருவாடு பிரட்டுறார். நிமிந்தும் பாக்கேல்ல. இவர் தலைப்பாகையோட மணலில நிக்கிறார். காலில செருப்பும் இல்ல, நிலம் நெருப்பாக் கொதிக்குது. காலை மாத்தி மாத்தி வைக்கிறார்." அன்ரோனெற்றின் குரல் இளகியது. "பாவமா இருக்கடி. ஒரு கதிரை கொண்டுபோய்க் குடுக்கட்டோ?"

வாசற்படியில் நௌபரின் புதுச் சப்பாத்துகள் சொக்ஸோடு கிடந்தன. முஸ்பிராவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவள் செம்பை இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "மாமா 'கதிரையில இரு' எண்டு சொல்லும்வரைக்கும் நிக்கட்டும்."